கேஸ்கர் காலத்து வானொலிக் கொள்கை

விடுதலை பெற்ற இந்தியாவில் வானொலியின் போக்கை வகுத்தோருள் பி. வி. கேஸ்கர் தனித்து நோக்கத்தக்கவர். 1952 முதல் 1962 வரை நடுவண் அரசின் செய்தி ஒலிபரப்புத் துறை அமைச்சராக விளங்கியவர் அவர். திரைப்படப் பாடலை விலக்கியவர் என்ற அளவிலேயே அவரைக் குறித்து அமைவோர் பலர். அவ்விலக்கினும், அதற்கு அடிப்படையாய் நின்ற எண்ணமே நம் ஆய்வுக்கு உரியது. வானலை அரசின் உடைமை, கேட்போர் அரசின் மாணாக்கர் என்பதே அவ்வெண்ணம்.

முதற்கண் அவர் செய்த நன்மையைக் கூறுதல் முறை. சமத்தானங்கள் இந்தியாவோடு இணைந்தபின் இசைவாணர் பலர் புரவலரை இழந்தனர். பாணரைப் புரந்த வேந்தரின் இடத்தை ஒலிபரப்பு நிலையம் ஏற்றது எனின் மிகையாகாது. 1952 சூலையில் தேசிய இசை நிகழ்ச்சி தொடங்கிற்று. வடபுலத்தார் கருநாடக இசையையும் தென்புலத்தார் இந்துஸ்தானி இசையையும் தத்தம் இல்லத்திருந்தே கேட்கும் பேறு பெற்றனர். இஃது எளிய செயலன்று.

ஆயினும், இசை வரலாறு பற்றி அவர் கொண்டிருந்த கருத்து நமக்கு உடன்பாடன்று. முசுலிம் ஆட்சிக் காலத்தில் இசைக்கலை சில குடும்பங்களின் மறைபொருளாகிச் சீர்குலைந்தது என்பது அவர் கொள்கை. அலாவுதீன் கான், பிஸ்மில்லா கான் போன்றோரை ஈன்ற மரபுகளை நோக்குவார்க்கு இக்கூற்றின் வலியின்மை தானே விளங்கும். தூய்மையை நாடுவோர் காத்தவரையே கெடுத்தவராகக் காணும் விந்தையை மொழி வரலாற்றிலும் நாம் கண்டதுண்டு.

இனித் திரைப்படப் பாடலுக்கு வருவோம். 1952-இல் அதற்குரிய நேரம் குறைக்கப்பட்டது. படத்தின் பெயரைச் சொல்லுதல் விளம்பரமாகும் என்று கருதி அதுவும் நிறுத்தப்பட்டது. படத் தயாரிப்பாளர் சினந்து ஒலிபரப்பும் இசைவைத் திரும்பப் பெற்றனர். சில திங்களில் அப்பாடல்கள் இந்திய நிலையங்களிலிருந்து ஏறத்தாழ மறைந்தன. அப்போது கொழும்பில், இரண்டாம் உலகப் போரின்போது தென்கிழக்காசிய நேசப் படைகளின் ஒலிபரப்புக்கென அமைந்த ஆற்றல் மிக்க சிற்றலைக் கருவிகள் இலங்கை வானொலியின் கையில் இருந்தன. 1952 திசம்பரில் அங்கிருந்து அமீன் சயானியின் ‘பினாகா கீத்மாலா’ ஒலிக்கத் தொடங்கிற்று. இந்திய வணிகரின் விளம்பரப் பணம் கடல் கடந்தது. தமிழகத்தாரும் இலங்கையின் தமிழ் ஒலிபரப்புக்குச் செவி சாய்த்தனர். மயில்வாகனனாரின் குரல் இங்குப் பல இல்லங்களுக்கு அறிமுகமாயிற்று. வகுப்பறையில் மாணாக்கன் எழுந்து போதல் அரிது. வானொலி கேட்போன் கையிலோ திருகு இருக்கிறது.

அமைச்சர் இதனை உணரவில்லை என்றல் பொருந்தாது. திரைப்பாடலுக்கு மாற்றாக மெல்லிசைப் பாடல்களை நிலையங்களே ஆக்கின. அவற்றுட் சில இன்றும் கேட்கத்தக்கன. எனினும் அவை போதவில்லை. 1957 அக்டோபர் 3-ஆம் நாள், அவர் பதவியில் இருக்கும்போதே, ‘விவித பாரதி’ தொடங்கப்பெற்றுத் திரைப்பாடல் மீண்டும் புகுந்தது. 1967-இல் விளம்பரமும் அதில் இடம்பெற்றது.

பாடலில் இவ்வாறு நெகிழ்ந்த அரசு செய்தியில் நெகிழ்ந்ததா என்பதே நாம் வினவத்தக்கது. 1975 முதல் 1977 வரையிலான நெருக்கடி நிலைக் காலத்தில் வானொலிச் செய்தி ஆட்சியாளரின் குரலாகவே இருந்தது. தன்னாட்சி வேண்டும் என்ற கோரிக்கை வலுத்து, 1990-இல் பிரசார் பாரதி சட்டம் நிறைவேறியும், அது நடைமுறைக்கு வர 1997 ஆயிற்று. வானலை பொதுச்சொத்து என 1995-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2001-இல் தனியார் பண்பலை நிலையங்கள் தோன்றின. கேஸ்கர் விலக்கிய திரைப்பாடலே அவற்றின் பெரும்பொருளாயிற்று. செய்தியைத் தாமே திரட்டி ஒலிபரப்பும் உரிமை மட்டும் அவற்றிற்கு வழங்கப்படவில்லை. 2011-ஆம் ஆண்டுக் கொள்கையும் அகில இந்திய வானொலியின் செய்தியை மாற்றமின்றி எடுத்து ஒலிபரப்பவே இசைந்தது.