எழுபது வயதிலும் சக்கரம் செதுக்கியவன்

தாவோ பற்றி நம் சிறுபத்திரிகை வட்டாரத்தில் பேச்சு வந்தால் ‘சும்மா இரு’ என்பதோடு அது முடிந்துவிடும். 2002இல் க்ரியா வெளியிட்ட சி. மணியின் ‘தாவோ தே ஜிங்’ மொழிபெயர்ப்புக்குப் பிறகும் இந்தப் பழக்கம் போகவில்லை. லாவோட்சுவைத் தாயுமானவருக்குச் சீனத்து ஒன்றுவிட்ட அண்ணனாக்கி வைத்திருக்கிறோம். இந்த வாசிப்பைக் கலைத்துப் பார்க்க ஆரணி மாதிரி ஒரு பட்டு நெசவு ஊர் உதவும்.

பெயரிலிருந்தே தொடங்கலாம். ‘ஜிங்’ என்றால் மூலநூல், மறை. அதற்கும் முந்தைய பொருள், தறியில் நீளவாக்கில் ஓடும் இழை, அதாவது பாவு. ஹான் காலத்தில் மூலநூல்களை ஒட்டி எழுந்த ஒருவகைப் பிரதிகளுக்கு ‘வெய்’ என்று பெயர். அதன் பொருள் ஊடை. நம்மிடமும் இழைக்கும் புத்தகத்துக்கும் ‘நூல்’ என்ற ஒரே சொல்தான். நன்னூல் பாயிரம் சொல்லைப் பஞ்சாகவும் புலவனை நூல் நூற்கும் பெண்ணாகவும் உருவகிக்கிறது. சீனத்தின் மாவாங்துய் கல்லறையில், கி.மு. 168இல் புதைக்கப்பட்டு 1973இல் வெளிவந்த லாவோட்சு பிரதிகள் இரண்டும் பட்டுத் துணியில் எழுதப்பட்டவை. அவற்றில் ‘தே’ முன்னால் வருகிறது, ‘தாவோ’ பின்னால். மூலத்தின் வரிசையே மாறியிருக்கிறது. சரி, அந்தப் பட்டை நெய்தவர்கள் யார்? பிரதியில் அவர்கள் இல்லை.

தாவோ மரபின் இன்னொரு மூலநூலான சுவாங்ட்சுவில், 13ஆம் அத்தியாயத்தில், ஒரு தொழிலாளி வாய் திறக்கிறான். மேலே மண்டபத்தில் ஹுவான் கோமகன் புத்தகம் படிக்கிறான். கீழே பியான் என்ற தச்சன் சக்கரம் செதுக்குகிறான். உளியை வைத்துவிட்டு மேலே போய், என்ன படிக்கிறீர்கள் என்று கேட்கிறான். செத்துப்போன ஞானிகளின் சொற்கள் என்றதும், அப்படியானால் அது வெறும் சக்கை என்கிறான். காரணம் சொல்லாவிட்டால் உயிர் போகும் என்று மிரட்டுகிறான் கோமகன். தச்சன் சொல்லும் காரணம்: கைக்குத் தெரிந்த பக்குவம் வாய்க்கு வராது; மகனுக்குக்கூடச் சொல்லித்தர முடியவில்லை; அதனால்தான் எழுபது வயதிலும் செதுக்கிக்கொண்டிருக்கிறேன்.

எழுத்தில் அடங்காத ஞானம் என்று இதைக் கொண்டாடியவர்களில் நானும் ஒருவன். ஆரணியில் ஒரு தறிக்குழி ஓரம் உட்கார்ந்து ஒரு பெரியவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். நாடாவை நிறுத்தாமலே கேட்டார்: “சொல்லித்தர முடியாதா? ஏன் முடியாது? எங்கப்பா சொல்லிக் குடுத்துத்தான் நான் கத்துக்கிட்டேன். எம் பையனுக்கு நாந்தான் சொல்லித்தரல. இந்தக் கூலிக்கு அவனும் குழியில எறங்கணுமா?”

கதை அங்கே கட்டவிழ்ந்துவிட்டது. கைத்தொழில் தலைமுறை தாண்டி வந்திருப்பதே அது சொல்லித்தரக்கூடியது என்பதற்குச் சாட்சி. சொல்லமுடியாமை என்பது படித்தவர்கள் தச்சன் வாயில் வைத்த தத்துவம். எழுபது வயதில் உளி பிடிப்பதற்குக் காரணம் வயிறாகவும் இருக்கலாம் என்பதை நாம் யோசிக்கவே இல்லை.

அதற்காக இந்த நூல்களைத் தூக்கிப்போடச் சொல்லவில்லை. தாவோ தே ஜிங்கின் 75ஆம் அத்தியாயம், மக்களின் பசிக்கு ஆள்பவர்கள் தின்னும் வரியே காரணம் என்று வெளிப்படையாகக் குற்றம் சாட்டுகிறது. அதே நூலின் 3ஆம் அத்தியாயம், மக்களுக்கு வயிறு நிறையட்டும், அறிவு வேண்டாம் என்று ஆள்பவனுக்கு யோசனை சொல்கிறது. ஒரே பாவில் இரண்டு இழைகள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்போம். சும்மா இரு என்று யார் யாரிடம் சொல்கிறார்கள் என்று கேட்போம். நாடாவை நிறுத்தினால் அன்றைய கூலி இல்லாதவரிடம் அதைச் சொல்ல நமக்கு வாய் வருமா?