நீல அந்தியில் ஹெல்சிங்கி

ஹெல்சிங்கியைக் கோடையில்தான் பார்க்க வேண்டும் என்பார்கள். டிசம்பரில் போங்கள் என்பேன் நான். அந்த மாதக் கடைசியில் சூரியன் காலை ஒன்பதரை மணிவாக்கில் எழுந்து, பிற்பகல் மூன்றேகாலுக்கெல்லாம் மறைந்துவிடும். இந்தக் கணக்கைக் கேட்டே பலர் பின்வாங்குகிறார்கள். ஆனால் அந்த ஊரின் பேரழகு சூரியன் மறைந்த பிறகுதான் வெளிப்படுகிறது.

ஹெல்சிங்கி 60 டிகிரி வடக்கே இருக்கிறது. அங்கே குளிர்காலச் சூரியன் செங்குத்தாக இறங்காது. சாய்வாகத் தொடுவானத்தை ஒட்டியே சறுக்கிக்கொண்டு போகும். அதனால் அந்தி அவசரமில்லாமல் ஒரு மணி நேரத்துக்குக் கிட்ட நீடிக்கிறது. வானம் தெளிந்திருந்தால் ஊரே நீலமாகிவிடும். மூன்று மணிக்கே செனட் சதுக்கத்துக்குப் போய் நின்றுகொள்ளுங்கள். கார்ல் லுட்விக் ஏங்கெல் வடிவமைத்து, 1852இல் கட்டி முடிக்கப்பட்ட வெள்ளைத் தேவாலயம் எதிரே உயர்ந்து நிற்கும். அதன் தூண்களும் படிகளில் கிடக்கும் பனியும் மெல்ல மெல்ல நிறம் மாறுவதைப் பாருங்கள். தெருவிளக்குகள் எரியத் தொடங்கியதும் நீலம் இன்னும் அடர்த்தியாகத் தெரியும். கைபேசியை உள்ளே வைத்துவிடுங்கள்; அந்த நிறம் படத்தில் சரியாக வருவதில்லை.

இப்படி நிற்க உடை ஒழுங்காக இருக்க வேண்டும். உள்ளே பருத்தி வேண்டாம். வியர்வையை உறிஞ்சிக்கொண்டு உடம்பைச் சில்லிட வைக்கும். கம்பளி உள்ளுடை, காற்றுப் புகாத மேலங்கி, வழுக்காத காலணி போதும்.

பகல் வெளிச்சத்தைக் கடலுக்குக் கொடுங்கள். சந்தைச் சதுக்கத்திலிருந்து சுவோமென்லின்னா தீவுக்கோட்டைக்குக் குளிர்காலத்திலும் படகு உண்டு. கால்மணி நேரப் பயணம். ஸ்வீடன் ஆட்சியில் 1748இல் கட்டத் தொடங்கிய கோட்டை அது. இன்றும் அங்கே குடும்பங்கள் வாழ்கின்றன. கடுங்குளிர் ஆண்டுகளில், பிப்ரவரி வாக்கில் போனால் படகு பனிக்கட்டியை உடைத்துக்கொண்டு போகும். மேல்தளத்தில் நின்று அந்தச் சத்தத்தைக் கேளுங்கள். குளிர் தாங்கவில்லை என்றால், திரும்பி வந்து 2018இல் திறந்த ஓடி மத்திய நூலகத்தில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம், கட்டணம் கிடையாது.

இருட்டிய பிறகு சௌனா என்னும் ஆவிக்குளியல். கல்லியோ பகுதியில் 1928 முதல் இருக்கும் கோட்டிஹர்யு, விறகு எரித்துச் சூடாக்கும் பொதுச் சௌனா. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி இடம். முதலில் குளித்துவிட வேண்டும். உள்ளே உடையில்லாமல் உட்காருவதுதான் அங்கே வழக்கம், கூச்சப்பட ஒன்றுமில்லை. புதியவர்கள் கீழ்ப்படியில் தொடங்குவது நல்லது. சூடேறிய கற்களில் யாராவது தண்ணீர் ஊற்றுவார்கள். ஆவி எழுந்து தோளில் இறங்கும். தாங்க முடியாதபோது வெளியேறிவிடுங்கள். வாசலில், தெருவோரமாக, துண்டைச் சுற்றிக்கொண்டு உள்ளூர்க்காரர்கள் ஆவி பறக்க உட்கார்ந்திருப்பார்கள். நீங்களும் சற்று நேரம் உட்கார்ந்து, உடம்பு ஆறியதும் மறுபடி உள்ளே போங்கள். இரண்டாவது சுற்றுதான் சுகம்.