வெடிகுண்டு யார் வீட்டில்?

1970-களில் கோடிக்கணக்கான மக்கள் பட்டினியால் மடிவர். இனித் தடுக்க வழியில்லை! இப்படித் தீர்ப்பெழுதினார் ஓர் அறிஞர், அதிர்ந்தது உலகம். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் பால் எர்லிக், 1968-இல் வெளியிட்ட 'மக்கள்தொகை வெடிகுண்டு' நூலைத்தான் குறிப்பிடுகிறோம். இலட்சக்கணக்கில் விற்ற அந்நூலைப் பகுத்தறிவுத் தராசிலே நிறுத்துப் பார்ப்பது நம் கடமையன்றோ?

டெல்லித் தெருவிலே தொடங்குகிறது நூல். வாடகைக் காரில் அமர்ந்து அவர் கண்டது கூட்டம், கூட்டம், எங்கும் கூட்டம்! அந்நாளில் டெல்லியில் வாழ்ந்தோர் ஏறத்தாழ 28 இலட்சம். பாரிஸ் மாநகரிலோ அதனினும் இருமடங்குக்கு மேல். பாரிசின் நெரிசல் நாகரிகம், டெல்லியின் நெரிசல் நாசமா? அவர் கண்டது வீடின்றி வீதியிலே கிடந்த வறுமை. அதற்கு அவர் சூட்டிய பெயரோ மக்கள் பெருக்கம்!

1968-இல் ஏறத்தாழ 350 கோடியாயிருந்த உலக மக்கள்தொகை, 2022-இல் 800 கோடியாயிற்று. பஞ்சம் அடியோடு ஒழியவில்லை. ஆயினும் அவர் கூறிய பேரழிவு நேரவில்லை. விளைச்சல் பெருகிற்று.

அதனால் மண்ணுக்குச் சுமையே இல்லை என்போமா? சொல்லமாட்டோம். காடு கழனியாகிறது, பஞ்சாபின் நிலத்தடி நீர் வற்றுகிறது. ஆனால் சுமை யாருடையது? 1990 முதல் 2015 வரை வானில் கலந்த கரியமிலவாயுவில் ஏறத்தாழப் பாதி, உலகின் செல்வர் பத்து விழுக்காட்டினருடையது. ஏழைகளான பாதி மாந்தரின் பங்கோ ஏழு விழுக்காடு அளவே!

வளநாடுகளின் ஊதாரித்தனத்தையும் நூல் கண்டிக்கிறது, மறைக்கவில்லை நாம். ஆனால் தண்டனை யாருக்கு? மூன்று பிள்ளை பெற்ற இந்திய ஆணுக்குக் கட்டாயக் கருத்தடை என்ற யோசனையை ஆதரிக்கிறார் ஆசிரியர். கட்டாயம் எத்தகையது என்பதை 1975-77 நெருக்கடி நிலையின்போது வடபுலத்து ஏழைகள் தம் உடலால் அறிந்தனர்.

உண்மை வழி வேறு. கர்ப்பத்தடை நாட்டின் உணவுக் கணக்குக்காக அன்று, பெண்ணின் விடுதலைக்காக என்றார் பெரியார், இந்நூல் பிறப்பதற்குப் பல்லாண்டுகள் முன்பே. 2019-21 கணக்கெடுப்பிலே ஒரு பெண்ணுக்குச் சராசரிப் பிள்ளைப்பேறு தமிழ்நாட்டில் 1.8, பெண்கல்வி பின்தங்கிய பீகாரில் 3. பெண்ணைப் படிக்க வைத்த நாட்டிலே பிறப்பு குறைகிறது.

படியுங்கள் தோழர்களே, இந்நூலை! அச்சம் எப்படி அறிவியலின் ஆடையணிந்து வரும் என்பதை அறியப் படியுங்கள். பெருக்கத்துக்கு மருந்து பெண்ணின் உரிமை. பூமிக்கு மருந்து செல்வரின் அடக்கம். இவ்விரண்டையும் கேட்காதவர் ஏழையின் தொட்டிலை மட்டும் எண்ணுவது நேர்மையாகாது.