கிரிப்பரைக் கீழே வையுங்கள்

கிட்டார் வாங்கிய கையோடு பையன்கள் வாங்குகிற அடுத்த பொருள் ஸ்பிரிங் கிரிப்பர். பஸ்ஸிலும் டீக்கடையிலும் அதை அமுக்கிக்கொண்டே இருப்பார்கள். விரலுக்குப் பலம் ஏறினால் வேகம் தானாக வந்துவிடும் என்பது அவர்கள் கணக்கு. ஆரணியிலும் இந்தக் கணக்கு செல்லுபடியாகிறது என்பதுதான் வேடிக்கை. விரல் வேலையை நம்பியே பிழைக்கிற பட்டுத்தறி ஊர் இது. நாடா ஓட்டும் முன் யாரும் இங்கே கிரிப்பர் அமுக்கியதில்லை.

முதலில் உடற்கூறு. விரலை மடக்கும் பெரிய தசைகள் விரலுக்குள் கிடையாது. அவை முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து தசைநாண்கள் மணிக்கட்டைக் கடந்து வந்து விரல் எலும்பை இழுக்கின்றன. விரலை விரிக்கவும் சேர்க்கவும் உதவும் சிறு தசைகள் உள்ளங்கையில். கிரிப்பரோ நான்கு விரல்களையும் ஒரே நேரத்தில், ஒரே திசையில் மடக்கப் பழக்குகிறது. கிட்டார் கேட்பது வேறு: ஒரு விரல் அழுத்தும்போது மற்ற மூன்றும் தளர்ந்து, தன் முறைக்குக் காத்திருக்க வேண்டும். மோதிர விரலும் சுண்டு விரலும் புறங்கையில் தசைநாண் இணைப்பால் கட்டுண்டவை. ஒன்றைத் தூக்கினால் மற்றதும் கூடவே எழப் பார்க்கும். அந்தக் கட்டை மீறித் தனித்தனியே இயங்கப் பழகுவது மூளையின் வேலை.

வேகத்தைக் கொஞ்சம் எண்ணில் பார்ப்போம். நிமிடத்துக்கு 120 தட்டு, ஒரு தட்டுக்கு 4 ஸ்வரம் என்றால் நொடிக்கு 8 ஸ்வரம். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் கிடைப்பது எட்டில் ஒரு பங்கு நொடி. அதற்குள் விரல் கம்பியிலிருந்து 3 சென்டிமீட்டர் எழும்பி இறங்குவதும், அரை சென்டிமீட்டர் எழும்பி இறங்குவதும் ஒன்றாகுமா? மெதுவாக வாசிப்பவர்களின் இடதுகையைப் பாருங்கள். சுண்டு விரல் வானத்தைப் பார்த்து நிற்கும். வேகம் போவது அந்த இடத்தில்தான்.

சான்று வேண்டுவோருக்கு ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜாங்கோ ரெய்ன்ஹார்ட். 1928இல் பாரிஸ் அருகே அவர் குடியிருந்த வண்டி தீப்பிடித்தது. இடதுகையின் மோதிர விரலும் சுண்டு விரலும் சுருண்டுபோயின. மீதி இரண்டு விரல்களை முக்கியமாக வைத்தே அவர் வாசித்த ஜாஸ் தனி ஆவர்த்தனங்களை, பத்து விரலும் நன்றாக உள்ளவர்கள் இன்றும் பிடிக்கத் திணறுகிறார்கள். பலம்தான் வேகம் என்றால் இது நடந்திருக்கவே முடியாது. எதிர்ப்பக்கச் சான்று ஜெர்மன் இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமன். 1830களின் தொடக்கத்தில் விரலைப் பழக்க இயந்திரக் கருவி ஒன்றைப் பயன்படுத்தினார். வலதுகை விரல் செயலிழந்து, பியானோ மேடையையே விட வேண்டிவந்தது. கருவிதான் காரணமா என்ற சர்ச்சை இன்னும் ஓயவில்லை. கிரிப்பர் வாங்குமுன் அந்தச் சர்ச்சையை நினைத்துக்கொள்வது நல்லது.

இனி நம் ஊருக்கு வருவோம். பாவு பிணைப்பவர் விரலைக் கவனித்திருக்கிறீர்களா? தறியில் பழைய பாவு தீரும்போது, புதுப் பாவின் ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாகப் பழைய இழையோடு சேர்த்து, கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே முறுக்க வேண்டும். அழுத்தம் கூடினால் பட்டு அறும், குறைந்தால் பிணைப்பு நழுவும். தேவையான அளவு மட்டும், அதுவும் மணிக்கணக்கில். கிட்டாரில் இதைச் சோதித்துப் பார்க்கலாம். ஃப்ரெட் கம்பிக்கு ஒட்டினாற்போல் விரலை வைத்து, மெல்ல மெல்ல அழுத்தியபடி மீட்டுங்கள். கரகரப்பு நீங்கி நாதம் தெளிகிற அந்த இடத்தில் நிறுத்துங்கள். போதுமான அழுத்தம் அவ்வளவே. நம்மில் பலர் அதைப்போல இருமடங்கு அழுத்திவிட்டு, கை வலிக்கிறது என்கிறோம்.

தறியில் கால் மிதி மாறிப் பாவு விரிவதற்கு முன் நாடா பாய்ந்தால் இழை அறும். கிட்டாரிலும் அப்படித்தான். இடது விரல் அமர்வதற்கு முன் வலதுகையின் பிக் கம்பியைத் தொட்டால் ஸ்வரம் செத்துவிடும். வேகமாக வாசிக்கும்போது தடுமாறுகிறவர்களில் பெரும்பாலோருக்குக் கோளாறு இந்தச் சந்திப்பில்தான். அதை இடது விரலின் பலவீனம் என்று தப்பாக நினைத்துக்கொள்கிறார்கள்.

ஒரு சங்கடத்தையும் சொல்லிவிட வேண்டும். எஃகுக் கம்பியை அழுத்தி அழுத்தி விரல் நுனி காய்த்துப்போகும். கிட்டாருக்கு அந்தக் காய்ப்பு வரம். பட்டிழைக்கோ சொரசொரப்பான விரல் ஆகாது, இழை சிக்கும். தறி வீட்டுப் பிள்ளைகளே, அப்பா திட்டினால் நியாயம் அவர் பக்கம்தான்.

பலமே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. கம்பியைப் பக்கவாட்டில் இழுத்துக் கமகம் பிடிக்கக் கட்டாயம் வேண்டும். ஆற்காட்டைத் தாண்டிப் பாலாற்றைக் கடந்தால் ராணிப்பேட்டை. அந்த ஊரில் பிறந்தவர்தான் கிட்டார் பிரசன்னா. சென்னை ஐஐடியில் படித்து, பாஸ்டனின் பெர்க்லி இசைக் கல்லூரிக்குப் போனவர். ஃப்ரெட் பதித்த கிட்டாரில் கர்நாடக சங்கீதத்தின் அசைவுகளை அவர் கொண்டுவருவதைக் கேட்டால் விரலுக்கு வலு வேண்டும் என்பது புரியும். ஆனால் அந்த வலு வாசித்து வாசித்து ஏறுகிற வலு. கடையில் விற்பதில்லை.

பயிற்சி முறைக்கும் வெளியே தேட வேண்டியதில்லை. கர்நாடக சங்கீதத்தின் ஆரம்பப் பாடமான சரளி வரிசையை மூன்று காலத்தில் வாசிப்பதைவிடக் கறாரான சோதனை எனக்குத் தெரியாது. தாளம் அப்படியே நிற்க, ஸ்வரம் இரட்டிக்கும், மறுபடி இரட்டிக்கும். மெட்ரோனோமில் ஐந்தைந்து தட்டாக ஏற்றினால் கெட்ட பழக்கமும் கூடவே ஏறிவிடும். காலம் இரட்டிக்கும்போது வீண் அசைவு உடனே அம்பலமாகும். மூன்றாம் காலம் உடைந்தால் முதல் காலத்துக்குத் திரும்பி, விரல் எவ்வளவு உயரம் எழும்புகிறது என்று பார்க்க வேண்டும். ஒரே மூச்சில் மூன்று மணி நேரம் வேண்டாம், இருபது நிமிடம் போதும். அப்புறம் தூக்கம். விரலால் தட்டும் வரிசை ஒன்றைக் கற்றவர்கள், ஓர் இரவு தூங்கி எழுந்ததும் கூடுதல் பயிற்சி இல்லாமலே சுமார் 20 சதவீதம் வேகமாகத் தட்டியதை ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2002இல் பதிவு செய்திருக்கிறார்கள். வலியோ மரமரப்போ வந்தால் அன்றைக்கு நிறுத்துங்கள். மறுநாளும் நீடித்தால் மருத்துவரிடம் போங்கள்.

கடைசியாக இன்னொரு கிட்டார் கலைஞர், டோனி அயோமி. பர்மிங்ஹாமில் இரும்புத் தகடு ஆலையில் 17 வயதில் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர். பிளாஸ்டிக்கை உருக்கி விரலுக்கு உறை செய்தார், கம்பியை மெல்லியதாக மாற்றினார். பிறகு சுருதியையும் இறக்கினார். அவருடைய பிளாக் சபாத் குழுவின் கனமான ஓசை அந்தத் தளர்ந்த கம்பிகளில் பிறந்தது. ஆகவே கிரிப்பருக்கு எடுத்துவைத்த பணத்தில் 0.010 அங்குல மெல்லிய கம்பி செட் ஒன்று வாங்குங்கள். கம்பி ஃப்ரெட்டுக்கு மேல் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று கடைக்காரரைப் பார்க்கச் சொல்லி, அதிகமாக இருந்தால் இறக்கித் தரச் சொல்லுங்கள்.