ஜி.ஷெப்பர்ட் என்றொரு பயணி

கம்பெனி விமானத்தில் ஒரு நாயை ஏற்றி அனுப்பிவிட்டு, பயணிகள் பட்டியலில் 'ஜி.ஷெப்பர்ட்' என்று எழுதி வைத்தார்கள். ஜெர்மன் ஷெப்பர்ட் என்பதன் சுருக்கம்! நாயின் எஜமானர் ராஸ் ஜான்சன். ஆர்.ஜே.ஆர். நபிஸ்கோ என்ற அமெரிக்கக் கம்பெனியின் தலைவர். கேமல் சிகரெட், ஓரியோ பிஸ்கட் எல்லாம் அவர்கள் சரக்குதான்.

இந்த மாதிரி சமாசாரங்கள் 'பார்பேரியன்ஸ் அட் தி கேட்' புத்தகம் முழுக்க இறைந்து கிடக்கின்றன. பிரையன் பரோ, ஜான் ஹெல்யர் என்ற இரண்டு வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நிருபர்கள் எழுதியது. 1988-ல் அந்தக் கம்பெனி ஏலம் போன கதை, ஐநூறு பக்கத்துக்கு மேல். இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங் என்றால் என்ன, பிரைவேட் ஈக்விட்டி என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு இன்றைக்கும் இதைத்தான் கையில் கொடுக்கிறார்கள். சும்மா சொல்லக்கூடாது, பிரமாதமான புத்தகம். ஆனால் கேட்ட கேள்விக்கு அதில் பதில் பாதிதான் இருக்கிறது என்பது என் கட்சி.

மீதிப் பாதியை நாமே போட்டுப் பார்ப்போம். உங்கள் தெருவில் நாலு போர்ஷன் உள்ள வீடு ஒன்று ஒரு கோடிக்கு வருகிறது. உங்களிடம் பத்து லட்சம்தான். மீதி தொண்ணூறு கடன். இதுவரை ஊரில் எல்லாரும் செய்வதுதானே என்பீர்கள். இப்போது கவனியுங்கள். கடன் உங்கள் பேரில் இல்லை, வீட்டின் பேரில்! குடித்தனக்காரர்களின் வாடகை வட்டிக்குப் போகும். போதவில்லையா? மாடியைத் தனியாக விற்கலாம், தோட்டத்தை விற்கலாம், வாட்ச்மேனை நிறுத்தலாம். அஞ்சாறு வருஷத்தில் நல்ல விலை வந்தால் லாபம் உங்களுக்கு. வராவிட்டால் உங்கள் நஷ்டம் பத்து லட்சத்தோடு சரி. அந்தப் பத்து லட்சம்கூடப் பெரும்பாலும் உங்களுடையது இல்லை. யாரோ ரிடையரான வாத்தியாரின் பென்ஷன் பணம். அதைப் பார்த்துக்கொள்ள வருஷத்துக்குச் சுமார் இரண்டு சதவிகிதம், லாபத்தில் இருபது சதவிகிதம் என்று எடுத்துக்கொள்வது இந்தத் தொழிலின் வழக்கம். இதற்கு லெவரேஜ்ட் பைஅவுட் என்று பெயர். கதையில் ஜெயிக்கும் கே.கே.ஆர். கம்பெனிக்கு ஆரம்ப காலத்திலேயே பணம் கொடுத்தவை ஆரிகன், வாஷிங்டன் மாநில அரசு ஊழியர்களின் பென்ஷன் நிதிகள்.

கதை இதுதான். 55 டாலர் வாக்கில் கிடந்த ஷேரை 75 டாலருக்கு வாங்கிக்கொள்கிறேன் என்று அக்டோபர் 1988-ல் ஜான்சனே கேட்கிறார். தான் சம்பளம் வாங்கும் கம்பெனியைத் தானே, கடன் வாங்கி! கே.கே.ஆரின் ஹென்றி கிராவிஸ் 90 என்கிறார். நவம்பர் 30 ராத்திரி கிராவிஸ் 109-ல் நிற்கிறார், ஜான்சன் 112-ல். டைரக்டர்கள் கிராவிஸுக்குக் கொடுக்கிறார்கள். ஏன் என்பதைப் புத்தகத்தில் படித்துக்கொள்ளுங்கள், அந்த அத்தியாயங்களில் தூக்கம் வராது. மொத்த விலை சுமார் 2,500 கோடி டாலர்.

எனக்குப் பிடித்த இடம் வேறு. நடுவில் இரண்டு கோஷ்டியும் சமாதானமாகப் போய்ச் சேர்ந்து வாங்கலாம் என்று பேசுகிறார்கள். உடைகிறது. முக்கியமான காரணங்களில் ஒன்று, பாண்டு விற்கும் விளம்பரத்தில் இடது பக்கம் யார் பெயர் வருவது என்று சாலமன், ட்ரெக்ஸெல் என்ற இரண்டு பேங்குகள் போட்ட சண்டை. நம் ஊரில் கல்யாணப் பத்திரிகையில் பெரியப்பா பெயர் முதலில் இல்லை என்று நின்றுபோன கல்யாணங்கள் ஞாபகம் வருகின்றனவா?

கல்யாணம் என்றதும் சொல்லிவிடுகிறேன். இன்வெஸ்ட்மென்ட் பேங்கர் என்பவர் பெரிய சைஸ் கல்யாணத் தரகர். முகூர்த்தம் நடந்தால்தான் அவருக்குப் பெரிய கமிஷன். தம்பதி பத்து வருஷம் ஒற்றுமையாக இருந்தால் அதற்கென்று தனியாக ஒன்றும் கிடையாது. 'இந்த விலை ஜாஸ்தி, எழுந்து போயிடலாம் சார்' என்று சொல்லும் தரகர் அபூர்வம் என்பதில் ஆச்சரியமில்லை. இந்த டீலை முடித்ததற்காகக் கே.கே.ஆர். எடுத்துக்கொண்ட கட்டணம் மட்டும் ஏழரைக் கோடி டாலர். தோற்றுப்போன ஜான்சன்கூட ஐந்து கோடிக்கு மேல் வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்குப் போனார்.

என் புகார் இங்கேதான். நாய், ஜெட் விமானங்கள், கால்ஃப் என்று ஜான்சனை அவ்வளவு ரசமாக வரைந்துவிட்டதால், பேராசைக்காரன் தோற்றான் என்று திருப்தியாகப் புத்தகத்தை மூடிவிடுகிறோம். ஜெயித்தவர் வைத்திருந்ததும் அதே கடன் கணக்குத்தானே? ஜான்சனுக்குப் பதில் ஏகாதசி விரதம் இருக்கும் உத்தமர் ஒருவர் தலைவராக இருந்திருந்தாலும் வட்டி ஒரு டாலர் குறைந்திருக்காது. 'பார்பேரியன்' என்ற வசவு கூட, போட்டியில் இருந்த டெட் ஃபோர்ஸ்ட்மன் என்பவரிடமிருந்து வந்தது. அவருக்கும் கடனில் கம்பெனி வாங்குவதுதான் தொழில்!

ஏலம் முடிந்ததும் நிருபர்களுக்கு சுவாரஸ்யம் போய்விடுகிறது. நமக்கு வேண்டியது அதற்கப்புறம்தான். சிகரெட் பிரிவில் ஆட்களைக் குறைத்தார்கள். ஐரோப்பிய பிஸ்கட் பிரிவை 1989-ல் பி.எஸ்.என். என்ற பிரெஞ்சுக் கம்பெனிக்கு 250 கோடி டாலருக்கு விற்றார்கள். அப்படியும் மூச்சுத் திணறி, 1990-ல் கே.கே.ஆர். மேலும் 170 கோடி போடவேண்டி வந்தது. 1995-ல் ஒருவழியாகக் கைகழுவினார்கள், சொல்லிக்கொள்ளும்படி லாபம் ஏதுமில்லாமல். கட்டணம் வாங்கியவர்கள் யாரும் திருப்பிக் கொடுத்ததாகத் தகவல் இல்லை.

நம் ஊர்ப் பிரிட்டானியாவிலும் நபிஸ்கோவுக்குப் பங்கு இருந்தது. நபிஸ்கோவின் ஆசியப் பங்குகள் கைமாறியபோது இங்கே ராஜன் பிள்ளையின் கை ஓங்கியது. 1993-ல் நுஸ்லி வாடியாவும் அதே பிரெஞ்சுக் கம்பெனியும் சேர்ந்து அவரிடமிருந்து பறித்தார்கள். பிள்ளை 1995-ல் திஹார் சிறைக் காவலில் இருந்தபோது இறந்துபோனார். டீக்கடையில் நீங்கள் தோய்த்துச் சாப்பிட்ட பிஸ்கட்டின் சொந்தக்காரர் இப்படியெல்லாம் மாறியிருக்கிறார்.

2007-ல் டெக்ஸாஸ் மின்சாரக் கம்பெனி டி.எக்ஸ்.யு.வைக் கே.கே.ஆர். இன்னும் சிலரோடு சேர்ந்து சுமார் 4,500 கோடி டாலருக்கு வாங்கியது. அதே முறை. 2014-ல் திவால். அதைப் பற்றி இவ்வளவு ரசமான புத்தகம் எதுவும் என் கண்ணில் படவில்லை. அங்கே நாய் இல்லையோ என்னவோ.

ஐநூறு பக்கம் முடியாது என்பவர்களுக்கு ஹெச்.பி.ஓ. 1993-ல் எடுத்த படம் இருக்கிறது. ஜான்சனாக ஜேம்ஸ் கார்னர். அவ்வளவு சிரித்த முகமாக இருப்பதால், கடைசியில் அவர் தோற்கும்போது நமக்கே பாவமாக இருக்கிறது. புகையே வராத 'பிரீமியர்' சிகரெட்டுக்குக் கம்பெனி கோடிக்கணக்கில் செலவழித்தது நிஜம், அது யாருக்கும் பிடிக்காமல் போனதும் நிஜம். படத்தில் அந்த இடத்துக்காக ஒருமுறை பார்க்கலாம்.