புகலிடமும் புறவெளியும்: ஆ. மாதவனின் சாலைப் புனைவுகளில் பிழைத்திருத்தல்

ஊழிக்குப் பின் எஞ்சிய மனிதரைப் பற்றிய புனைவுகள் ஆங்கிலத்தில் மேரி ஷெல்லியின் 'தி லாஸ்ட் மேன்' (1826) போன்ற முன்னோடிகளைக் கொண்டு ஒரு தனி மரபாக வளர்ந்துள்ளன. இவற்றில் உயிர் பிழைத்திருக்கும் வழி பெரும்பாலும் இரண்டாகப் பிரிகிறது. சுவர்களுக்குள் அடங்கி, சேர்த்துவைத்த பண்டங்களைக் கொண்டு நாள்களைக் கடத்துவது ஒன்று. திறந்த வெளியில் இறங்கி, கிடைத்ததை உண்டு அலைவது மற்றொன்று. ரிச்சர்ட் மாத்திசனின் 'ஐ ஆம் லெஜன்ட்' (1954) புதினத்தில் நெவில் தன் வீட்டையே அரணாக்கி இரவுகளைக் கழிக்கிறான். கார்மக் மெக்கார்த்தியின் 'தி ரோட்' (2006) புதினத்தில் தந்தையும் மகனும் தென்திசை நோக்கி நடந்துகொண்டே இருக்கின்றனர். உணவு நிறைந்த நிலவறை ஒன்று கிடைத்தும், அங்கே நிலைத்துத் தங்குவது ஆபத்து என்று தந்தை முடிவுசெய்கிறான். ஜார்ஜ் ஸ்டூவர்ட்டின் 'எர்த் அபைட்ஸ்' (1949) ஒரு வழியிலிருந்து மற்றதற்குச் செல்லும் பயணத்தைக் காட்டுகிறது. அழிந்த நகரத்தின் டப்பா உணவில் பல்லாண்டு வாழ்ந்த சிறு கூட்டம் ஒன்றில், பின்வந்த தலைமுறை வில்லெடுத்து வேட்டைக்குத் திரும்புகிறது.

இப்பாகுபாட்டைத் தமிழில் ஆராய அறிவியல் புனைகதையைத்தான் நாட வேண்டும் என்பதில்லை. திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவைக் களமாகக் கொண்ட ஆ. மாதவனின் (1934–2021) படைப்புகள் இதற்கு வேறொரு முகத்தைத் தருகின்றன. அவற்றில் உலகம் அழியவில்லை. ஒரு மனிதனின் உலகம் மட்டும் அழிந்திருக்கிறது. அவனைச் சுற்றி வணிகம் குறைவின்றி நடக்கிறது. எல்லாருக்கும் பொதுவான பேரழிவில் எஞ்சியவனுக்கு இடிந்த நகரத்தின் பண்டசாலையேனும் கிட்டும். சாலையில் எஞ்சியவனுக்குப் பண்டசாலைகள் கண்ணெதிரே நிறைந்திருந்தும் பூட்டியே இருக்கின்றன. புகலிடம், புறவெளி என்ற எதிர்வு இங்கே பொருந்துமா என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

சொல்லும் தெருவும்

சாலை என்ற சொல்லே ஈண்டு நோக்கத்தக்கது. அறச்சாலை, பாடசாலை, பன்னசாலை என வரும்போது அது கூரையுள்ள இடம். இன்றைய பொது வழக்கில் அது திறந்த வழி. தங்குவதற்கும் கடந்து செல்வதற்கும் ஒரே சொல் நிற்கிறது. திருவனந்தபுரத்துச் சாலை இரண்டு பொருளையும் ஒருங்கே கொண்டது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருவிதாங்கூர்த் திவான் ராஜா கேசவதாஸ் உருவாக்கிய இக்கடைத்தெரு, கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் நோக்கிச் செல்லும் வழியின் இருமருங்கிலும் அமைந்தது. தமிழகத்துச் சரக்கும், சரக்கோடு வந்த தமிழரும் இங்கே தங்கினர். அத்தெருவிலேயே கடை நடத்தி வாழ்ந்தவர் மாதவன். கடைக்குள்ளிருந்து தெருவை நோக்கும் பார்வை அவர் எழுத்தில் இயல்பாக அமைந்ததற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

பிழைப்பு என்ற சொல்லும் இத்தகையதே. சாவிலிருந்து தப்புவதும் பிழைப்பு. அன்றாடம் வயிறு கழுவுவதும் பிழைப்பு. ஆங்கிலப் புனைவுகள் இவ்விரண்டுக்கும் தனித்தனிச் சொல் வைத்திருப்பதால், பேரழிவு வந்த பின்னரே முன்னதைப் பேசத் தொடங்குகின்றன. கடைத்தெருவில் இரண்டும் ஒரே நாளின் வேலை.

தோட்டத்து வீடு

'கிருஷ்ணப் பருந்து' நாவலை அடைக்கலப் பிழைப்பின் கதையாகப் படிக்க இடமுண்டு. முன்னோர் கட்டிய செல்வம் கரைந்தது, மனைவியும் இறந்துவிட்டாள். எஞ்சிய தோட்டவிளை வீட்டில் குருஸ்வாமி தனித்து வாழ்கிறார். ஓவியமும் படிப்பும் அவருக்குத் துணை. விளையில் குடியிருப்பவர் அவரைச் சாமியப்பா என்று அழைத்து மதிக்கின்றனர். கடைத்தெருவின் இரைச்சலுக்கு அருகில் இருந்தும் விலகி நிற்கும் இவ்வீடு, நெவிலின் அரண் போன்றதே. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. நெவிலை அச்சுறுத்துவது வாயிலுக்கு வெளியே நின்று கூவுகிறது. குருஸ்வாமியை அச்சுறுத்துவது அவருக்குள்ளேயே இருக்கிறது. தாம் பரிவு காட்டும் வேலப்பனின் மனைவி ராணியின்மீது எழும் வேட்கையைச் சுவர் தடுப்பதில்லை; தனிமை அதனை வளர்க்கவே செய்கிறது. காமத்தைப் பற்றிய நாவல் என்று மட்டும் இதனைக் கூறுவது போதாது. காவலாக அமைந்த தனிமையே பகையாக மாறும் நிலையை மாதவன் இங்கே ஆராய்கிறார்.

இதற்கு மிகப் பழைய முன்னோடி உண்டு. கம்பனின் இராமகாதையில், கானகத்தின் நடுவே இலக்குவன் அமைத்த பன்னசாலை காவலுக்குரிய இடம். இராவணன் அதன் வாயிலைத் தகர்க்கவில்லை. துறவி வேடத்தில் விருந்தாக வந்து, சாலையை நிலத்தோடு பெயர்த்துச் செல்கிறான். புகலிடத்துக்கு வரும் கேடு பெரும்பாலும் அழைக்கப்பட்ட வடிவில் வருகிறது என்பதைத் தமிழ்ப் புலவன் முன்பே கண்டிருக்கிறான்.

ஆற்றுவெளி

'புனலும் மணலும்' (1974) நேர் எதிரான களத்தில் நிகழ்கிறது. சுவரும் கூரையும் இங்கே முதன்மையில்லை. ஆற்றில் மூழ்கி மணல் அள்ளும் அங்குசாமிக்கு ஆறுதான் பண்டசாலை. திறந்த வெளி மனிதனின் பழைய பண்புகளை மீட்டுத் தரும் என்ற நம்பிக்கை மேலைப் புனைவுகள் சிலவற்றில் உண்டு. ஸ்டூவர்ட்டிடமும் அதன் சாயல் தெரிகிறது. மாதவன் அந்த ஆறுதலைத் தருவதில்லை. மனைவியின் முந்தைய உறவில் பிறந்த பங்கியை, அவள் அழகற்றவள் என்பதற்காகவே அங்குசாமி வெறுக்கிறான். ஒரே ஆற்றில் உழைத்து ஒரே உலைச்சோற்றை உண்டும் அவ்வெறுப்பு கரைவதில்லை. வெறுப்புக்குத் தக்க காரணம் கற்பிக்க ஆசிரியர் முயலவில்லை என்பதே இந்நாவலின் வலிமை. மணலும் அள்ள அள்ளக் குறைவது. வெளியும் வற்றாத பண்டசாலை அன்று என்பதை நாவல் உணர்த்துகிறது.

மாதவனை இயல்புவாதி என்று வகைப்படுத்துவது திறனாய்வாளரிடையே வழக்கமாகியுள்ளது. சூழலும் உடலின் பசிகளும் மனிதனை ஆள்கின்றன என்ற அளவில் இது பொருந்தும். ஆனால் சூழல் என்று பொதுவாகச் சொல்லி நிறுத்திவிட்டால், தோட்டத்து வீட்டின் பசிக்கும் ஆற்றின் பசிக்கும் இடையேயுள்ள வேறுபாடு மறைந்துபோகிறது. இடம் மாறும்போது பசியின் தன்மையும் மாறுகிறது என்பதை மாதவன் அறிந்திருந்தார். அவரைப் பற்றிய திறனாய்வு அதனைப் போதிய அளவு கருத்திற் கொள்ளவில்லை.

கடைத்திண்ணை

மாதவனின் தனித்த பங்களிப்பு இவ்விரு நாவல்களையும்விடக் கடைத்தெருக் கதைகளில்தான் உள்ளது. அங்கே வீடும் இல்லை, காடும் இல்லை. பூட்டிய கடையின் முன்திண்ணை இருக்கிறது. மேலே கூரை உண்டு, மூன்று பக்கமும் சுவர் இல்லை. பகலில் அது வணிகரின் இடம். இரவில் சுமைதூக்குவோரும் பிச்சையெடுப்போரும் நாய்களும் அதனைப் பகிர்ந்துகொள்கின்றனர். புகலிடமும் புறவெளியும் இங்கே இரண்டு இடங்கள் அல்ல. ஒரே இடத்தின் இரண்டு பொழுதுகள். 'பாச்சி' கதையில் நாணுவுக்கு ஒரு நாயின் துணையே உலகம். அந்த நாய் இறக்கும்போது அவனுக்கு நேர்வது ஓர் ஊழி. கடைத்தெருவோ தன் போக்கில் திறந்து மூடுகிறது. 'எட்டாவது நாள்' குறுநாவலின் சாளைப் பட்டாணி தெருச் சண்டியனாக வாழ்ந்து தீர்ந்தவன். (பெயரில் வருவது தெருவன்று, சாளை மீன்.) தெருவை அவன் காடுபோல ஆண்டான், உடல் தளர்ந்ததும் அக்காட்டில் அவனுக்குரிய மூலை ஏதுமில்லை.

2020 ஜூலையில் கோவிட் பரவலால் திருவனந்தபுரம் மாநகரில் கடும் முடக்கம் அறிவிக்கப்பட்டது. வீட்டுக்குள் இருங்கள் என்ற ஆணை, ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு உண்டு என்று கொண்ட ஆணை. மாதவனின் மாந்தரை அந்த ஆணையின் முன் நிறுத்திப் பார்த்தால் அவர் கதைகளின் கேள்வி விளங்கும்.

சுவரற்ற கூரை தமிழ்க் காப்பிய மரபுக்குப் புதிதன்று. மணிமேகலையில் புகாரின் உலகவறவி, ஆதரவற்ற எவரும் தங்கக்கூடிய பொது அம்பலம். அங்கேதான் மணிமேகலை அமுதசுரபியால் பசித்தோர்க்கு உணவளிக்கிறாள். பின்னர் புகாரைக் கடல் கொள்கிறது. மாதவியும் சுதமதியும் அறவண அடிகளோடு வஞ்சிக்குப் பெயர்கின்றனர். பஞ்சம் வாட்டும் காஞ்சியிலும் மணிமேகலை உணவளிக்கும் பணியைத் தொடர்கிறாள். ஊர் அழிந்த பின் எஞ்சியோர் எப்படி வாழ்வது என்ற கேள்விக்குச் சாத்தனாரின் விடை அரணும் அன்று, வேட்டையும் அன்று; பகிரப்படும் பாத்திரம். மாதவனின் கடைத்திண்ணை அந்த அம்பலத்தின் வழித்தோன்றலே. அங்கே கூரை எஞ்சியிருக்கிறது, பாத்திரம் எஞ்சவில்லை.

இவ்வொப்பீட்டைச் சற்று மேலும் கொண்டுசென்றால் மாதவனின் எல்லையும் தெரிகிறது. காப்பியத்தின் உலகவறவி பெண்ணுக்குப் பாதுகாப்பான இடமாக இருக்கவில்லை. உதயகுமரனிடமிருந்து தப்ப மணிமேகலை காயசண்டிகையின் உருவை ஏற்க வேண்டியிருந்தது. அவளைத் தன் மனைவியென்று மயங்கிய காஞ்சனன் உதயகுமரனை வாளால் வீழ்த்தியதும் அந்த அம்பலத்தில்தான். சாத்தனார் இதனை மறைக்கவில்லை. பசி தீர்க்கும் கூரையின் கீழேயே கொலையையும் வைக்கிறார். கடைத்தெருக் கதைகளில் இரவுத் திண்ணையின் பெண், பெரும்பாலும் ஆணின் வேட்கை வழியாகவே வாசகர் முன் வருகிறாள். அவள் எதனைக் கண்டு அஞ்சுகிறாள், விடியும்வரை எந்த உத்தியால் தன்னைக் காத்துக்கொள்கிறாள் என்பவற்றை அவளிடமிருந்தே கேட்கும் வாய்ப்பு அரிதாகவே அமைகிறது. நாணுவின் தனிமைக்குக் கிடைத்த நெருக்கமான பார்வை அவளுக்குக் கிடைக்கவில்லை. உருவை மாற்றிக்கொள்ள அவளிடம் மந்திரமும் இல்லை.