பிள்ளை பார்ப்பவருக்கு யார் கூலி கொடுப்பது?

முக்கூடலில் கைக்குழந்தை இருக்கிற வீட்டில் பீடி சுற்றுகிற விதமே தனி. உத்தரத்திலிருந்து சேலைத் தொட்டில் தொங்கும். தொட்டிலில் கட்டிய கயிற்றின் மறுமுனை தாயின் கால் பெருவிரலில் இருக்கும். மடியில் தட்டு, தட்டில் நனைத்து வெட்டிய இலை, தூள், நூல். விரல்கள் இலையைச் சுருட்டி, முனையை மடக்கி, நூலைச் சுற்றிக்கொண்டிருக்கும்போதே கால் தன்பாட்டுக்குத் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருக்கும். பிள்ளை சிணுங்கினால் கால் வேகமாக ஆடும். விரல் நிற்காது. நின்றால் எண்ணிக்கை குறையும். சாயங்காலம் பீடிக்கடையில் கழிவு பார்த்துத் தள்ளியது போக மிஞ்சுகிற எண்ணிக்கைதான் காசு.

ஆயிரத்துக்கு இவ்வளவு என்பதுதான் அங்கே கூலி. பால் கொடுத்த நேரமும் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த நாளும் பாஸ் புத்தகத்தில் ஏறாது. பிள்ளை தவழத் தொடங்கிவிட்டால் நிலைமை இன்னும் மோசம். கத்தரி கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கிறது, புகையிலைத் தூள் அந்த அறையின் காற்றிலேயே இருக்கிறது. அப்போதுதான் ஆச்சி வருகிறாள். "ஆச்சி, இவனக் கொஞ்சம் பாத்துக்கிடுங்க, கடைக்குப் போயிட்டு வந்துருதேன்" என்ற ஒரு சொல்லில் வேலைக்கு அமர்த்தப்படுகிற ஆச்சிக்குச் சம்பளம் வெற்றிலைக்குக் கொடுக்கிற துட்டுதான். ஆச்சி இல்லாத வீட்டில் மூத்த பெண் பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடுகிறாள்.

முக்கூடற்பள்ளு பாடும் முக்கூடல் கிழக்கே சீவலப்பேரிப் பக்கம். நான் சொல்வது சொக்கலால் பீடியால் பேர்பெற்ற, முத்துமாலை அம்மன் கோயில் இருக்கிற முக்கூடல். பீடித் தொழிலாளர்களுக்கென்று மத்திய அரசு மருத்துவமனையே வைத்திருக்கிற ஊர். அவ்வளவு பேர் பீடி சுற்றும் இடத்தில் அவர்களுடைய பிள்ளைகளைப் பகல் முழுக்க வைத்துப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மட்டும் யாருடைய தலையிலும் இல்லாமல் போனது எப்படி? தாமிரபரணிக்கு மேற்கே மலையையும், கடலுக்கு அப்பால் இலங்கையின் மலையகத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது விளங்கும்.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் பிள்ளை மடுவம் என்று ஒன்று உண்டு. பிள்ளைக் காம்பரா என்றும் சொல்வார்கள். அந்தத் தோட்டங்களை உண்டாக்கியவர்களில் பலர் திருநெல்வேலி, மதுரை, திருச்சிச் சீமைகளிலிருந்து கங்காணிமார் கூட்டிப்போன குடும்பங்கள். அவர்கள் அங்கே போனதும் ஒரு பழைய ஏற்பாடு முறிந்தது. ஊரில் பிள்ளையைப் பார்த்துக்கொண்ட கிழவி ஊரிலேயே தங்கிவிட்டாள். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், ஆணும் பெண்ணும் இருவருமே தோட்டத்துத் துரைக்கு வேண்டும். கொழுந்து கிள்ளும் கை பெண்ணின் கை. அந்தக் கை காலைப் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) வரவேண்டுமானால் அதிலிருக்கும் பிள்ளையை இறக்கி வைக்க ஓர் இடம் வேண்டும். துரைமார் இரக்கப்பட்டு மடுவம் கட்டினார்கள் என்று நான் நம்பவில்லை. கொழுந்து முற்றிவிடக் கூடாது என்ற கணக்குதான் அதைக் கட்டியது. ஆனாலும் அந்தக் கணக்கால் ஒரு நல்லது நடந்தது. பிள்ளை பார்ப்பது தோட்டத்து வேலைகளில் ஒன்றாகி, பிள்ளை பார்க்கும் ஆயம்மாவின் பேரும் சம்பளப் பட்டியலில் ஏறியது.

மடுவத்தின் நேரமும் தாயின் நேரமும் ஒன்றுதான் என்பதைத்தான் நான் முக்கியமாகச் சொல்வேன். பெரட்டுக்கு முன்பே கதவு திறக்கிறது. கூடையை முதுகில் மாட்டுவதற்கு முன் பிள்ளையைக் கொடுத்துவிட்டுப் போகலாம். இடையில் வந்து பால் கொடுத்துவிட்டுப் போகலாம். மாலை நிறுவை முடிந்து தாய் வரும்வரை யாரும் கதவைப் பூட்டுவதில்லை. பழைய மடுவங்கள் இருட்டாகவும் புகை மண்டியும் இருந்தன. வரிசையாகத் தொட்டில்கள், நாலைந்து பேர் பார்க்க வேண்டிய பிள்ளைகளுக்கு ஒற்றை ஆயம்மா என்று அவற்றின் குறைகளைச் சொல்லிக்கொண்டே போகலாம். 1992-இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பெனிகளுக்குப் போன பிறகு, பெருந்தோட்ட மனித வள அபிவிருத்தி நிதியத்தின் துணையோடு பல மடுவங்கள் சிறுவர் அபிவிருத்தி நிலையங்களாக மாறின. ஆயம்மாவின் இடத்துக்குப் பயிற்சி பெற்ற பெண்கள் வந்தார்கள். பெயரும் கட்டடமும் மாறினாலும் சம்பளம் தோட்டத்தின் செலவில்தான் நிற்கிறது. தாயின் கைக்காசிலிருந்து போகவில்லை.

போகவும் முடியாது. 2024-இல் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாள் சம்பளம் 1,350 ரூபாய் ஆனது. மாதத்தில் 25 நாள் முழுசாக வேலை கிடைத்தால் 33,750. (பிடிப்பைச் சேர்க்கவில்லை, 25 நாள் எல்லோருக்கும் கிடைப்பதுமில்லை.) 2025 ஏப்ரலில் அந்த நாட்டின் தேசியக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 27,000 ஆனது. பிள்ளை பார்க்க ஒருவரை வைத்து அந்தக் குறைந்தபட்சத்தையாவது கொடுக்க நினைத்த தாய்க்கு அந்தக் கணக்கில் மிஞ்சியது 6,750 ரூபாய். அதில் அரிசி வாங்குவதா, மா வாங்குவதா? தன் கூலியிலிருந்து இன்னொரு பெண்ணுக்கு நியாயமான கூலி கொடுக்கக் கூலிக்காரப் பெண்ணால் எந்த ஊரிலும் முடியாது. கொடுத்தால் ஒன்று அவர் பட்டினி, இல்லை பிள்ளை பார்ப்பவர் பட்டினி. மூன்றாவதாக ஒரு கை நீள வேண்டும். மலையகத்தில் அந்தக் கை தோட்டத்தினுடையது.

இந்தியாவிலும் மலைத்தோட்டத்தில் இதே வழிதான். 1951-இன் தோட்டத் தொழிலாளர் சட்டம் 50 பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் காப்பகம் இருந்தே ஆகவேண்டும் என்றது. மணிமுத்தாறு அணைக்கு மேலே இருக்கும் மாஞ்சோலை அந்தச் சட்டத்தின் கீழ் வந்த தோட்டம். சிங்கம்பட்டி ஜமீனிடம் 1929-இல் 99 வருடக் குத்தகைக்கு பம்பாய் பர்மா கம்பெனி எடுத்த மலை அது. அங்கே கூலி எவ்வளவு அரிதாகக் கிடைத்தது என்பதற்குத் தாமிரபரணியே சாட்சி. 1999 ஜூலை 23 அன்று கூலி உயர்வும் சிறையிலிருந்த தொழிலாளர்களின் விடுதலையும் கேட்டுத் திருநெல்வேலியில் ஊர்வலம் போனவர்கள் மீது போலீஸ் தடியடி நடத்தியது. ஆற்றுக்குள் விரட்டப்பட்டு 17 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் ஒரு சிறு குழந்தையும் உண்டு. 2024-இல் கம்பெனி விருப்ப ஓய்வு என்று தாள் நீட்டித் தொழிலாளர்களைக் கீழே இறங்கச் சொன்னது. அந்தப் பெண்களுக்கு வேலையும் போய், வீடும் போய், தோட்டத்தோடு வந்த வசதிகளும் போயின.

ஆக, மலைமேல் இரண்டு நாட்டிலும் பிள்ளை பார்க்கும் செலவு முதலாளியுடையது என்று சட்டமும் பழக்கமும் ஒப்புக்கொண்டன. சமவெளியில் பீடிக்கு மட்டும் ஏன் இல்லை? 1966-இன் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டமும் காப்பகத்தைப் பற்றிப் பேசத்தான் செய்தது. ஆனால் தொழிற்கூடத்தில் வேலை செய்யும் பெண்களுக்குத்தான் அது. முதலாளிகள் செய்தது எளிய காரியம். வேலையைக் கூடத்திலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கேரளத்தில் அந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்த முனைந்தபோது மங்களூர் கணேஷ் பீடிக் கம்பெனி தன் கூடங்களை மூடிக்கொண்டு போனது. வேலையிழந்தவர்கள் 1969-இல் தினேஷ் பீடி கூட்டுறவைத் தொடங்கினார்கள். நம் பக்கம் பெரும்பாலும் வீடே கூடமாகி, நடுவில் கடைக்காரர் வந்து உட்கார்ந்தார். வேலை வீட்டுக்கு வந்ததும் பிள்ளையும் வேலையும் ஒரே அறையில் இருக்கிறதே, காப்பகம் எதற்கு என்று கேட்பது சுலபமாகிவிட்டது.

மலையகத்துக்கு இப்போது இதே ஆபத்து வருகிறது என்பது என் அச்சம். தேயிலைச் செடிகளைக் குடும்பம் குடும்பமாகப் பிரித்துக் கொடுத்து, கொண்டுவரும் கொழுந்துக்கு மட்டும் காசு கொடுக்கும் முறையைக் கம்பெனிகள் பரப்பி வருகின்றன. சிறு உற்பத்தியாளர் ஆகிவிடலாம் என்று ஆசை காட்டுகிறார்கள். தொழிலாளி இல்லை என்றாகிவிட்டால் பெரட்டு இல்லை. பெரட்டு இல்லாத இடத்தில் மடுவத்துக்கு யார் பொறுப்பு? முக்கூடல் அந்தப் பாதையில் எப்போதோ போய்ப் பார்த்துவிட்ட ஊர். மலையகத் தொழிற்சங்கத்துக்காரர்கள் ஒரு தடவை இங்கே வந்து தட்டையும் தொட்டிலையும் பார்த்துவிட்டுப் போகலாம்.

மடுவத்தைப் புகழ்ந்ததால் இலங்கை மேல், நாம் கீழ் என்று ஆகிவிடாது. வீட்டுக்குள் பிள்ளை பார்க்கும் பெண்ணின் கதைக்கு வந்தால் தராசு மறுபக்கம் சாய்கிறது. இலங்கையில் வீட்டு வேலைக்காரரைப் பற்றிய பழைய சட்டம் 1871-இல் எழுதிய பதிவுச் சட்டம். கூலியை உறுதிசெய்ய எழுதியதில்லை அது, ஆளைப் பதிவுசெய்து கண்காணிக்க எழுதியது. 2016-இல் தேசியக் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தபோதும் வீட்டு வேலையாளை வெளியே நிறுத்திவிட்டுத்தான் எழுதினார்கள். கொழும்பு வீடுகளில் பிள்ளை பார்க்கவும் சமைக்கவும் போகிறவர்களில் நிறையப் பேர் மலையகத்துப் பெண்கள். 2021 ஜூலையில் மலையகத்தின் டயகமவைச் சேர்ந்த 16 வயதுச் சிறுமி ஒருத்தி, ஒரு முன்னாள் அமைச்சரின் வீட்டில் வேலையில் இருந்தபோது ஏற்பட்ட தீக்காயங்களால் இறந்தாள். பிள்ளையாக இருந்தபோது அவளைப் போன்றவர்களைப் பார்த்துக்கொள்ள மடுவம் இருந்தது. வேலைக்குப் போன வீட்டில் அவளைப் பார்த்துக்கொள்ள ஒருவரும் இல்லை.

இலங்கையின் மூதூரைச் சேர்ந்த ரிசானா நபீக்கை நினைக்காமல் இதை எழுத முடியாது. சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போனவர். 2005-இல் அவர் பார்த்துக்கொண்டிருந்த கைக்குழந்தை இறந்தது. பாஸ்போர்ட்டில் வயதைக் கூட்டிப் போட்டு அனுப்பியிருந்தார்கள்; உண்மையில் அவருக்கே அப்போது 17 வயதுதான். அந்தச் சாவுக்காக 2013 ஜனவரி 9-இல் சவூதியில் அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அதே ஆண்டு இலங்கை அரசு ஒரு கட்டுப்பாடு கொண்டுவந்தது: 5 வயதுக்குக் கீழ் பிள்ளை உள்ள தாய் வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போகக் கூடாது. பொருளாதாரம் விழுந்த 2022-இல் அந்த வயதை 2 ஆகக் குறைத்தார்கள். டாலர் வேண்டியிருந்தது. ஊரில் அந்தப் பிள்ளையைப் பார்க்கும் பாட்டிக்கு என்ன ஏற்பாடு என்பதை மட்டும் இரண்டு தடவையும் அரசு குடும்பத்தின் பொறுப்பிலேயே விட்டுவிட்டது.

தமிழ்நாட்டில் காகிதத்திலாவது நிலைமை மேல். 2007-இல் வீட்டு வேலைத் தொழிலாளர் நல வாரியம் வந்தது. 2018-இல் வீட்டு வேலைக்கு மணிக்கு 37 ரூபாய் என்று குறைந்தபட்சக் கூலி வைத்தார்கள். நாளுக்கு 8 மணி, மாதம் 26 நாள் என்றால் 7,696 ரூபாய். பாளையங்கோட்டையில் இருவரும் அரசு வேலையில் இருக்கும் வீடு இதைக் கொடுக்கும். ஜவுளிக்கடையில் நிற்கும் பெண்ணோ தனியார் பள்ளி ஆசிரியையோ கொடுத்தால், அவர் சம்பளத்தில் பெரும்பங்கு போய்விடும். எனவே 10 மணி நேர வேலையை அரைச் சம்பளத்துக்குப் பேசி முடிக்கிறார்கள். இதில் அந்தத் தாய்மாரைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை.

இங்கே நீள வேண்டிய மூன்றாவது கை அரசினுடையது. 2017-இன் தேசியக் குழந்தைக் காப்பகத் திட்டத்தில் ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையான 25 பிள்ளைகளுக்கு ஒரு பணியாளர், ஓர் உதவியாளர். ஏழைக் குடும்பத்திடம் மாதம் 20 ரூபாய்தான் வாங்கலாம் என்று இருந்தது. தாய்க்குக் கட்டுப்படியாகும் தொகை, நல்ல ஏற்பாடு. ஆனால் பணியாளருக்குக் கொடுத்தது மாதம் 3,000, உதவியாளருக்கு 1,500. நாளுக்கு ஏழரை மணி நேரம், மாதம் 26 நாள் திறக்க வேண்டியிருந்தது. வகுத்துப் பாருங்கள், பணியாளருக்கு மணிக்கு 15 ரூபாய் சொச்சம், உதவியாளருக்கு 8 ரூபாய்கூட இல்லை. தனியார் வீட்டுக்காரர் 37 கொடுக்க வேண்டும் என்று மாநில அரசு சொன்னது, மத்திய அரசு தன் திட்டத்தில் அதில் பாதிகூடக் கொடுக்கவில்லை. கேட்டால் அது கூலி இல்லை, மதிப்பூதியம் என்பார்கள்.

அங்கன்வாடியை எடுத்துக்கொண்டால் தமிழ்நாடு மற்ற பல மாநிலங்களைவிட நன்றாகவே செய்கிறது. காலமுறைச் சம்பளம் கொடுக்கிறது, 2 வயதுப் பிள்ளைக்கும் சத்துணவு உண்டு. ஆனால் மலையகத்து மடுவத்தைப் போல அது தாயின் வேலை நேரத்தை ஒட்டிய இடமில்லை. சாயங்காலம் கடைக்குப் போய் பீடியை எண்ணிக் கொடுத்துவிட்டு, மறுநாளைக்கு இலையும் தூளும் வாங்கிவர வேண்டிய நேரத்துக்கு முன்பே பிள்ளை வீட்டுக்குத் திரும்பிவிடும். 2 வயதுக்குக் கீழே உள்ள கைக்குழந்தைக்கு அங்கே பகல் முழுக்க இடமும் கிடையாது.

பணம் எங்கே என்று கேட்பார்கள். பீடிக்கு ஒரு வழி இருந்தது. 1976-இன் சட்டப்படி பீடித் தொழிலாளர் நலத் தீர்வையாக ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று வாங்கினார்கள். கடைசியில் அது 5 ரூபாயாக இருந்தது. முக்கூடல் மருத்துவமனை போன்றவை அந்த நிதியில் நடந்தவைதான். ஒரு பெண் நாளுக்கு 600 பீடி சுற்றினால் அவர் கையால் தீர்வைக்குச் சேர்ந்தது 3 ரூபாய். மாதம் 25 நாளுக்கு 75 ரூபாய். ஒரே தெருவில் 40 பெண்கள் சுற்றினால் 3,000 ரூபாய். காப்பகப் பணியாளருக்கு அரசு கொடுத்த முழு மதிப்பூதியம் அந்தத் தெருப் பெண்களின் தீர்வையிலிருந்தே வந்திருக்கும். தோட்டத்து மடுவத்தில் முதலாளி கொடுப்பது போல இங்கேயும் தொழிலே கொடுத்திருக்கும். 2017-இல் ஜிஎஸ்டி வந்தபோது அந்தத் தீர்வையை எடுத்துவிட்டார்கள். பீடிக்கு 28 விழுக்காடு வரி போட்ட ஜிஎஸ்டியில் அந்த 5 ரூபாய்க்கு இடமில்லாமல் போனது.

அந்தத் தீர்வையை வேறு பெயரிலாவது திரும்பக் கொண்டுவர வேண்டும், பிள்ளை பார்ப்பதற்கென்றே ஒதுக்க வேண்டும் என்று முக்கூடல், பாப்பாக்குடிப் பக்கத்துப் பெண்கள் கேட்டால் அது சலுகை கேட்பது ஆகாது. இருக்கிற அங்கன்வாடிகளில் சிலவற்றையாவது கைக்குழந்தைகளுக்கும் சேர்த்து, பீடிக்கடை நேரம் முடியும்வரை திறந்து வைக்க இன்னும் இரண்டு பேரை வேலைக்கு எடுக்கலாம். அவர்களுக்கு மணிக்கு 37 ரூபாய்க்குக் குறையாமல் கொடுக்க வேண்டும். ஊரில் அந்த வேலைக்குத் தகுந்தவர்கள் நிறைய இருக்கிறார்கள். அவர்களில் பலர் இப்போது அதையே வெற்றிலைக் காசுக்குச் செய்துகொண்டிருக்கிறார்கள்.